‘மேக் அப்’ என்னும் சொல்லும் அதன் சுற்றமும்

இம்மலரின் பதிப்புக் குழுவினர் சென்ற மாதம் எனக்கு விடுத்த கடிதத்திலே, “பக்கங்களை மேக் அப் செய்யும் நாள் அண்மிவிட்டது, தங்கள் கட்டுரையை விரைவில் அனுப்பி உதவுக” எனக் குறிப்பிட்டிருந்தனர். பக்கத்தில் நின்று அக்கடிதத்தை வாசித்த என் பேர்த்தி, “புத்தகத்துக்கும் மேக்கப் போடுவினமோ, அப்பப்பா?” என்று வினவினாள். அவள் அறிந்த மேக்கப் முகத்திற்குப் பூசுவது. குழுவினர் கருதியதோ எழுத்தையும் படத்தையும் அளவறிந்து அடுக்கிப் பக்கமாக்குவது. இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்தான் என்று சொல்லத் தொடங்கி, அவள் பொறுமை தீரும் வரை சொல்லிக்கொண்டே போனேன். எஞ்சியதை இங்கே எழுதுகின்றேன். கல்லூரியின் வளர்ச்சி பற்றியும் அதனை வளர்த்த பெரியோர் பற்றியும் எழுத என்னினும் தக்கார் பலர் உளர். யானோ 36 ஆண்டுகள் பிறருடைய சொற்களை இருபுறமும் மாற்றிக் கொடுத்துச் சோறுண்டவன். ஆதலின் ஒரு சொல்லைப் பற்றி எழுதுவதே எனக்குப் பொருந்தும்.

யான் இக்கல்லூரியை விட்டு நீங்கியது 1961ஆம் ஆண்டில். சில காலம் எழுதுவினைஞனாக இருந்த பின், 1967ஆம் ஆண்டிற் கொழும்பிலே நீதிமன்றமொன்றில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தேன். எம்மை ‘முதலியார்’ என்று அழைப்பது நம் நாட்டு வழக்கு. சாட்சிக் கூட்டில் நிற்பவர் தமிழிற் சொல்வதை ஆங்கிலத்தில் நீதிபதிக்கும், அப்புக்காத்து ஆங்கிலத்திற் கேட்பதைத் தமிழிற் சாட்சிக்கும் உடனுக்குடன் சொல்வதே எம் தொழில். 1961ஆம் ஆண்டிலே நீதிமன்ற மொழிச் சட்டம் வந்திருந்தபோதிலும், யான் சேர்ந்த காலத்தில் அங்கே பதிவுகள் ஆங்கிலத்திலேயே நடைபெற்றுவந்தன. இத்தொழிலுக்கு வேண்டிய ஆங்கிலம் முழுவதும் கல்லூரியிலேயே கிடைத்துவிட்டது என யான் எண்ணியிருந்தேன். ஒருவகையில் அது மெய்யே.

எமக்கு ஆங்கிலங் கற்பித்த ஆசான் வெள்ளை வேட்டியும் நஷனலும் அணிந்து, கைக்குட்டையில் வெண்கட்டியைச் சுற்றிக்கொண்டு வருவார். நெஸ்ஃபீல்டின் இலக்கண நூலே அக்காலத்தில் எமக்கு வேதம். ஒருநாள் அவர் அந்நூலை மூடி வைத்துவிட்டுக் கரும்பலகையில் எட்டு வாக்கியங்கள் எழுதினார். எட்டிலும் ‘மேக் அப்’ என்னும் இரு சிறு சொற்கள் இருந்தன. பதினொருவர் சேர்ந்தால் ஒரு கிரிக்கட் அணி ஆகிறது என்றது ஒன்று. வைத்தியர் எழுதிய சீட்டின்படி மருந்தாளர் மருந்தைக் கலந்து கொடுத்தார் என்றது இன்னொன்று. பள்ளிக்கு வராத பையன் ஒரு காரணத்தைப் புனைந்தான். பத்து ரூபாவுக்குக் குறைந்த இரண்டு ரூபாவைத் தமையன் போட்டு நிரப்பினான். சண்டையிட்ட சகோதரிகள் நேசமாயினர். நடிகன் முகத்திற்கு வண்ணந் தீட்டினான். தையற்காரன் துணியைச் சட்டையாக்கினான். நெடுநாள் தயங்கிய ஒருவன் பயணம் போவதென்று முடிவு செய்தான். இவ்வெட்டிலும் வினை ஒன்றே. ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல்லில் மாற்று எழுதுமாறு ஆசான் பணித்தார்.

எமக்கு இப்பயிற்சி மிக உவப்பானது. பெரிய சொல் அறிந்தவனே ஆங்கிலம் அறிந்தவன் என்பது அக்கால மாணாக்கர் துணிபு. ‘கொன்ஸ்டிடியூட்’ என்றான் ஒருவன். ‘இன்வென்ட்’ என்றான் மற்றொருவன். ‘றெக்கன்சைல்’ என்பதை எழுத்துப் பிழையின்றிச் சொன்னவனுக்கு வகுப்பே தலை வணங்கியது. பலகை நிறைந்தபின் ஆசான், “இவற்றுள் எட்டு வாக்கியத்திலும் நிற்கத்தக்க சொல் எது?” எனக் கேட்டார். ஒன்றுமில்லை. “ஆங்கிலேயன் வீட்டிலே தன் தாயோடும் பிள்ளையோடும் பேசுஞ் சொல் இது, நீங்கள் சொன்னவை அவன் கந்தோருக்குப் போகும்போது அணியுஞ் சொற்கள். நீங்கள் அவனுடைய கோட்டை மாத்திரம் கண்டு பழகுகிறீர்கள்” என்றார். அன்று நகைத்தோம். எம்முள் அநேகர் பின்னர் உத்தியோக விண்ணப்பங்களிற் கோட்டுக்கு மேற் கோட்டு அணிந்தே எழுதினோம் என்பது வேறு கதை.

வினையுடன் சிறு இடைச்சொல் ஒன்று சேர்ந்து, இரண்டின் பொருளையுங் கூட்டினால் வாராத புதுப்பொருளைத் தருவதை ஆங்கில இலக்கணகாரர் ‘ஃபிரேசல் வேர்ப்’ என்பர். தொடர்வினை எனத் தமிழிற் சொல்லலாம். இப்பெயர் பரவியது லோகன் பியர்சால் சிமித் என்பார் 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலினால். பெயரைத் தமக்குச் சொல்லியவர் ஒக்ஸ்போட் அகராதிப் பதிப்பாசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று அவரே கூறியுள்ளார். பெயர் புதியதாயினும் பொருள் பழையது. 1755ஆம் ஆண்டிலே தமது பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், இவ்வகை வினைகள் தம் மொழியில் மிகுதியென்றும், பிறநாட்டார் மிகவும் இடர்ப்படுவது இவற்றிலேயே என்றும், ஆதலின் இவற்றைக் கவனமாகக் குறித்து வைத்ததாகவும் முகவுரையில் எழுதினார். நம்மவர் எவரும் ஆங்கிலம் படிக்கத் தொடங்குமுன்னரே நமக்காக இரங்கிய அப்பெரியார் வாழ்க.

சிறு சொல்லே பெருஞ் சுமை தாங்கும் என்பதை அகராதிகளிற் காணலாம். ஒக்ஸ்போட் அகராதியின் பழைய பதிப்புக்களில் மிக நீண்ட விளக்கம் பெற்ற சொல் ‘செட்’ என்பது. திருத்திய பதிப்பு 2000ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கியபோது ‘மேக்’ அதனை முந்தியது. 2011ஆம் ஆண்டளவில் ‘றன்’ என்பது எல்லாவற்றையும் முந்தி, வினையாக மாத்திரம் 645 பொருள் பெற்றது. மூன்றும் மூன்று நான்கு எழுத்துச் சொற்கள். தத்துவ நூல்களில் வரும் நெடுஞ்சொல் ஒன்றும் இப்பந்தயத்திற் கலந்துகொள்ளவே இல்லை.

‘மேக்’ என்பது செய்தல். ‘அப்’ என்பது மேலே. மேலே செய்தல் என்றால் என்ன? இப்படிப் பிரித்துப் பார்ப்பவனுக்கு ஒன்றும் விளங்காது. ‘அப்’ என்பதற்கு மேல் என்னும் பொருளோடு முற்றுப்பெறுதல் என்னும் பொருளும் ஆங்கிலத்தில் உண்டு. ‘ஈட் அப்’ என்றால் உண்டு தீர்த்தல். ‘ட்ரிங்க் அப்’ என்றால் குடித்து முடித்தல். நாம் தீர், முடி, விடு என்பவற்றைத் துணைவினையாகச் சேர்த்துத் ‘தின்று தீர்த்தான்’, ‘குடித்துவிட்டான்’ என்கின்ற இடத்தில் அவர்கள் ‘அப்’ என்னும் ஒன்றை ஒட்டிவிடுகின்றனர். கிணற்றில் நீர் மேலே வர வர நிறைவு கிட்டுகின்றது. மேல் என்பது நிறைவாயிற்று. இதனை மனத்திற்கொண்டால் ‘மேக் அப்’ என்பதன் பல பொருளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகவே தோன்றும். குறைந்ததை நிறைத்தல் என்பதே அத்தாய். குறைந்த பணத்தை நிறைத்தால் ஈடுசெய்தல். பிரிந்த உறவினிடையே உள்ள பள்ளத்தை நிறைத்தால் நேசமாதல். ஐயத்தால் அரைகுறையாய்க் கிடந்த மனத்தை நிறைத்தால் முடிவு செய்தல். உண்மை இல்லாத இடத்தை வேறொன்றால் நிறைத்தால் பொய் புனைதல். அவியும் அடுப்புக்கு விறகிட்டு நெருப்பை ஓங்கச் செய்வதற்கும் அவர்கள் இச்சொல்லையே வழங்குவர். நடிகனின் முகப்பூச்சும் அவ்வாறே. அவன் ஏற்ற பாத்திரத்திற்குத் தன் முகத்தில் இல்லாததை வண்ணத்தால் நிறைக்கின்றான். 19ஆம் நூற்றாண்டிலே நாடக மேடையிலிருந்த அவ்வழக்கை, மாக்ஸ் ஃபாக்டர் போன்ற ஹொலிவூட் ஒப்பனையாளர் 1920களிற் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தனர். அதுவே கடல் கடந்து நம்மிடம் வந்து, மேக்கப் என்னுந் தமிழாயிற்று. அயலூர் போகும் சொல் தன் உடைமை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போவதில்லை. ஒரு மாற்றுடையோடு போய்விடுகின்றது. என் பேர்த்தி கண்டது அந்த ஓருடையையே.

இனி, வகுப்பிலே நாம் அடுக்கிய பெருஞ்சொற்களின் குலத்தையும் சற்று நோக்குவோம். 1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சுச் சொற்களும், பின்னர் அறிஞர் நூல்வழி நேரே இலத்தீன் சொற்களும் அம்மொழியிற் புகுந்தன. ‘இன்வென்ட்’ என்பதன் இலத்தீன் மூலம் எதிர்ப்படுதல், கண்டெடுத்தல் என்னும் பொருளது. ‘ஃபப்ரிக்கேட்’ என்பது கைவினைஞனின் பட்டறையிற் பிறந்தது. கொல்லன் இரும்பை உருவாக்குமாறு பொய்யை உருவாக்குவது. ‘கொம்பென்சேட்’ என்பது தராசிலே இரண்டு தட்டையும் ஒக்க நிறுப்பது. எனக்கு மிக விருப்பமானது ‘கொன்கொக்ட்’ என்பது. அதன் மூலப்பொருள் சேர்த்துச் சமைத்தல். பொய் சொல்பவன் ஒரு பொருளை மாத்திரம் வைத்துச் சமைப்பதில்லை. நம் ஒடியற்கூழுக்கு மீனும் நண்டும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் புளியும் மிளகாயும் சேர்ப்பது போல, நாளும் இடமும் ஆளும் சிறிது மெய்யும் சேர்த்தே காய்ச்சுகின்றான். நீதிமன்றத்தில் 36 ஆண்டு அக்கூழின் மணத்தை முகர்ந்தவன் சொல்கின்றேன், மெய் சேராத பொய் ஒருபோதும் இறங்குவதில்லை.

இவற்றை ஒருபொருட் பன்மொழி என்று நாம் எழுதி வைத்தோம். ஆயினும் இவை ஒருபொருள் உடையன அல்ல. ‘மேக் அப்’ என்பது பல அறைகள் உள்ள நாற்சார் வீடு. பெருஞ்சொல் ஒவ்வொன்றும் ஓர் அறையின் திறவுகோல். ஓர் அறையைத் திறந்தாற் போதுமென்ற இடத்தில் அது மிகப் பயன்படும். உடன்படிக்கை, சட்டம், வைத்திய நூல் ஆகியவற்றிற்கு அத்திறவுகோலே வேண்டும். ஆனாற் கோபித்திருந்த தங்கையோடு பேசத் தொடங்கிய சிறுவன் தாயிடம் ஓடி, “நாங்கள் றெக்கன்சைல் ஆகிவிட்டோம்” என்று ஆங்கிலத்திற் சொன்னால், அத்தாய் அவனுக்குக் காய்ச்சலோ என்று தொட்டுப் பார்ப்பாள்.

தமிழில் இதற்கு நிகரான வீடு உண்டா என்று பலகாலம் எண்ணியதுண்டு. மண்டலபுருடர் செய்த சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி. எம் முன்னோர் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அதனை மனனம் செய்தனர். அதில் உள்ளவை பெரும்பாலும் பெயர்கள். நாள்தோறும் நாவில் உருளும் வினைகளை நிகண்டுகள் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. நம் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த வின்சிலோ பாதிரியார் 1862ஆம் ஆண்டிற் சென்னையில் வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதியைப் புரட்டுபவர் வினைச்சொற்களின் செல்வத்தை அங்கே காணலாம். எனக்கு விடை கிடைத்ததோ அகராதியில் அன்று. கொழும்பில் ஓர் அச்சுக்கூடத்தில். ஈய எழுத்துக் காலம் அது. எழுத்துக் கோப்பவர் ஒரு பக்கத்து வரிகளை எல்லாம் அடுக்கி முடித்து, அவை சிதறாதபடி நாற்புறமும் நூலாற் சுற்றி இறுக்கிக் கட்டினார். மேலாளர் அதற்கு ‘மேக் அப்’ என்றார். கோப்பவர் ‘கட்டுறது’ என்றார்.

கட்டு என்னும் வினை! கதை கட்டுகின்றோம். இல்லாததை இட்டுக் கட்டுகின்றோம். அண்ணாவியார் பாட்டுக் கட்டுகின்றார்; கூத்தாடுபவர் வேடங் கட்டுகின்றார். கடையிற் பொட்டலங் கட்டுகின்றனர். நட்டத்தை ஈடு கட்டுகின்றோம். ஆங்கிலேயன் ‘மேக் அப்’ என்னும் இடங்களிற் பாதிக்கு மேல் நம் பாட்டிமார் கட்டு என்றே சொல்லி வந்துள்ளனர். ஒருவரை ஒருவர் அறியாத இரு குடும்பங்களில் ஒரே முகச்சாயல் இருக்கக் கண்டது போன்ற வியப்பு எனக்கு உண்டாயிற்று. ஆனால் உள்ளே நோக்கினால் இரண்டின் நினைவும் வேறு. அவர்கள் நிறைக்கின்றனர், நாம் பிணைக்கின்றோம். அவர்களின் பொய் வெற்றிடத்தை நிரப்பியது. நம் பொய் துண்டு துண்டாய் முடிந்தது, ஆதலின் முடிச்சு அவிழும் என்னும் எதிர்பார்ப்பும் அச்சொல்லிலேயே உண்டு. மனம் என்று வருமிடத்தில் இருவரும் எதிரெதிரே போய்விடுகின்றோம். மனத்தை ‘மேக் அப்’ செய்பவன் முடிவு செய்து புறப்படுகின்றான். மனத்தைக் கட்டுபவன் அடக்கி அமர்கின்றான். மருந்து கட்டுதலும் அப்படியே. நமக்கு அது புண்ணுக்கு, அவர்களுக்குப் போத்தலுக்கு. தாலி கட்டுதற்கும் கடன் கட்டுதற்கும் அவர்களின் சொல் உதவாது. நேசமாதற்கு நம் கட்டு உதவாது.

இந்தக் கடைசி வேறுபாடு ஒருவனுடைய தலைவிதியைத் தொட்ட நாள் ஒன்றுண்டு. யான் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. தொழில் பழகுபவனாக மூத்த முதலியார் ஒருவரின் பின்னே அமர்ந்திருந்தேன். புறக்கோட்டையிற் கடையொன்றிற் பணம் குறைந்ததென்று நம்மூர் இளைஞன் ஒருவன்மீது நம்பிக்கை மோசடி வழக்கு. அவன் எதிரி. அதே கடையின் கணக்கப்பிள்ளை, ஆங்கிலம் ஓரெழுத்தும் அறியாதவர், எதிரியின் பக்கச் சாட்சி. குறைந்த பணம் முதலாளியின் சொற்படி வேறோரிடத்துக்குப் போனதென்பது அவர் சாட்சியம். எதிரிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் முன்னர் ஒரு கைமாற்றுப் பற்றிச் சண்டை மூண்டு, இரண்டு மாதம் பேச்சு வார்த்தை இன்றி இருந்தனர் என்பதும் அன்று காலை வெளிவந்திருந்தது. குறுக்கு விசாரணை செய்த அப்புக்காத்து பெயர் பெற்றவர். சண்டையைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டார். சாட்சியம் பற்றிச் சில கேட்டார். பின்பு தாள்களைப் பார்த்தபடியே, நீரும் எதிரியும் ‘மேட் இட் அப்’, அப்படித்தானே என்று மெல்லக் கேட்டார்.

வாசகர் சற்று நின்று பார்க்க வேண்டும். அவ்வாக்கியத்துக்குப் பொருள் இரண்டு. சண்டை தீர்ந்து நேசமாகிவிட்டீர்கள் என்பது ஒன்று. இச்சாட்சியத்தை இருவருமாக இட்டுக்கட்டினீர்கள் என்பது மற்றொன்று. முதலாவதைத் தமிழாக்கினால் அந்த ஏழைக் கணக்கப்பிள்ளை மகிழ்ச்சியோடு “ஓம் ஐயா” என்பார்; அது மெய்யும் ஆகும். சுருக்கெழுத்தாளரின் ஆங்கிலப் பதிவிலோ கேள்வியின் கீழே ‘ஆம்’ என்று மாத்திரம் நிற்கும். பின்னர் அப்பதிவை வாசிப்பவர், சாட்சியே தன் சாட்சியம் பொய்யென ஒப்புக்கொண்டான் என்று கொள்வர். இரண்டாவதைத் தமிழாக்கினால் “இல்லை” என்பார். அப்போது நேசமானது பற்றிய கேள்விக்கு மறுத்தார் என்று வாதிக்கலாம். எப்பக்கம் விழுந்தாலும் வலை விரித்தவருக்கு இலாபம். அவர் வேண்டுமென்றே விரித்தாரோ, வாய்க்கு வந்ததைக் கேட்டாரோ, அதனை யான் தீர்மானிக்க இயலாது.

மூத்த முதலியார் சாட்சியின் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து நீதிபதியை வணங்கி, கேட்கப்பட்ட வினாவுக்குத் தமிழில் இரு வேறு வாக்கியங்கள் உண்டென்றும், இரண்டையும் ஒருங்கே உணர்த்தும் வாக்கியம் தமக்குத் தெரியவில்லை என்றும், எதனை மொழிபெயர்ப்பதென அப்புக்காத்து அவர்கள் தெளிவுபடுத்தினால் நலம் என்றும் கூறினார். மன்றிலே ஒருகணம் அமைதி. அப்புக்காத்தின் முகம் சிவந்தது. மொழிபெயர்ப்பாளர் வேலை மொழிபெயர்ப்பது, வாக்கியத்தை ஆராய்வதன்று என ஏதோ சொன்னார். நீதிபதி பேனாவை மேசைமீது வைத்துவிட்டு, தமக்கும் இரு பொருள் தோன்றுவதாகச் சொல்லி, வேறு சொல்லாற் கேட்குமாறு பணித்தார். அப்போது வந்தது ‘ஃபப்ரிக்கேட்’ என்னும் பெருஞ்சொல். சாட்சி மறுத்தார். அடுத்து ‘றெக்கன்சைல்’ வந்தது. சாட்சி ஒப்புக்கொண்டார். இரண்டும் தனித்தனியே பதிவாயின. கல்லூரியில் நாம் பெருமைக்காகக் கற்ற திறவுகோல்கள் எதற்காகப் படைக்கப்பட்டவை என்பதை அன்று கண்ணாரக் கண்டேன். எதிரி பின்னர் விடுதலையானான். அதற்குக் காரணம் இவ்வினா அன்று. முதலாளியின் கையெழுத்துள்ள துண்டு ஒன்று பின்னர் அகப்பட்டது. ஆயினும் அத்துண்டு அகப்படாமலும் போயிருக்கலாம் அன்றோ?

உச்சரிப்பிலும் சொல் நிற்கும் ஒழுங்கிலும் இவ்வினைக்குச் சில நுட்பங்கள் உள. கதையைக் குறிக்கும் பெயர்ச்சொல்லை ‘அப்’ என்பதன் முன்னும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம். ‘இட்’ என்னுஞ் சுட்டுப்பெயராயின் நடுவிலேதான் வைத்தல் வேண்டும். ஏன் என்று ஆங்கிலச் சிறுவனைக் கேட்டால் விழிப்பான், பிழையோ விடமாட்டான். பின்னே வரும் இடைச்சொல் மாறினாலும் உறவு மாறும். ‘மேக் அப் ஃபோர்’ என்றால் இழந்ததற்கு ஈடு செய்தல். ‘மேக் இட் அப் வித்’ என்றால் ஒருவரோடு நேசமாதல். இங்கே இருவரும் ஆளுக்கு ஓரடி வைத்து வருகின்றனர். ‘மேக் இட் அப் டு’ என்றால் ஒருவருக்குத் தான் பட்ட கடனை அன்பாலோ பொருளாலோ தீர்த்தல். இங்கே ஓரடியும் ஒருவரே வைக்கின்றார். அதிலிருந்து ‘இட்’ என்னும் ஓரசையை விட்டுவிட்டாலோ, ஒருவரிடம் முகஸ்துதி செய்து காரியம் பார்த்தல் என்றாகிவிடும். அனுபவமில்லாதவர் இவ்விடத்தில் மிக எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

‘வித்’, ‘டு’ என்னும் இவ்விரண்டின் வேறுபாட்டை யான் அறிந்தது அகராதியால் மாத்திரம் அன்று. என்னுடன் இக்கல்லூரியிற் படித்து, விடுதியில் அடுத்த கட்டிலிற் கிடந்த நண்பர் ஒருவர் 1972ஆம் ஆண்டில் இலண்டன் சென்றார். வெள்ளவத்தையில் அவருக்கிருந்த வீட்டை வாடகைக்குக் கொடுத்து, வரவு செலவுகளை ஆண்டுதோறும் எழுதி அனுப்பும் பொறுப்பை யான் ஏற்றிருந்தேன். 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் அவ்வீடும் எரிந்தது. யான் இருந்த வீடும் எரிந்தது. கணக்குப் புத்தகங்களும் பற்றுச்சீட்டுக்களும் அதனுடன் போயின. அகதி முகாமிலிருந்து கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தபின், வங்கியிற் கிடைத்த சில குறிப்புக்களையும் என் நினைவையும் கொண்டு இரண்டாண்டுக் கணக்கை ஒருவாறு கட்டி முடித்து அவருக்கு அனுப்பினேன். ஆங்கிலத்திற் சொன்னால் அதுவும் ‘மேக் அப்’ செய்த கணக்கே, குறைந்ததை நிறைத்தது. அவர் எழுதிய பதிலிலும் அதே சொல் இருந்தது, ஆனால் மற்றப் பொருளில். உம்முடைய ‘மேட் அப்’ கணக்குக் கிடைத்தது என்று தொடங்கி, அடுத்த வாக்கியத்திலேயே எவ்வளவு பணம் மறைந்தது என்று தாம் கருதுவதையும் எழுதியிருந்தார். ஐயத்திற்கு இடமே வைக்கவில்லை. அதன்பின் எமக்குள் 19 ஆண்டுகள் கடிதமில்லை.

2002ஆம் ஆண்டிற் போர் ஓய்ந்து பாதை திறந்திருந்த நாள்களில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வெள்ளவத்தை வீட்டில் வாடகைக்கு இருந்தவர் கனடாவுக்குப் போயிருந்தாராம். ரொறன்ரோவில் ஒரு கலியாண வீட்டில் இருவரும் சந்தித்தனராம். அம்மனிதர் தம் பாஸ்போட்டுடன் காப்பாற்றிக் கொண்டுபோன என் பற்றுச்சீட்டுக்களை எடுத்துக் காட்டினாராம். தொகைகள் யான் எழுதியனுப்பிய கணக்கோடு ஏழு ரூபா வித்தியாசத்தில் ஒத்திருந்தனவாம். இவையெல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, முடிவிலே தாம் இதனை ‘மேக் இட் அப் டு யூ’ செய்ய விரும்புவதாக எழுதியிருந்தார். ‘வித் யூ’ என்று எழுதியிருப்பின் அது இருவருக்கும் பொதுவான சண்டை ஆகியிருக்கும். அவர் ‘டு’ என்று எழுதினார். அவ்விரண்டு எழுத்தை எத்தனை முறை வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாயிருக்கின்றது. தொழிற் பழக்கம் ஒருபுறம். அவருடைய ஆங்கிலம் என்னுடையதினும் நன்று என்பதை விடுதிக் காலந் தொட்டே யான் அறிந்திருந்தது மறுபுறம்.

அவருக்குத் தமிழில் விடை எழுதினேன். ஈடு ஒன்றும் வேண்டாம், இவ்வாண்டோ வருமாண்டோ நல்லூர்த் தேருக்கு வாரும், வரும்போது எனக்கொரு நல்ல ஊற்றுப் பேனா கொண்டு வாரும் என்று எழுதினேன். அடுத்த ஆண்டு ஆவணியில் வந்தார். பேனாவை மறந்துவிட்டார். எம் வீட்டிலே மூன்று கிழமை தங்கினார். ஒருநாள் மாலை இருவரும் கல்லூரிக்கு நடந்து வந்து, விடுதியில் எம் கட்டில்கள் கிடந்த மூலை எதுவென்று நெடுநேரம் வாதிட்டோம்.